உறையாத நீர் எங்கே, கழுகு அங்கே

ஜனவரியில் அயோவா மாநிலத்தின் லெக்ளேர் ஊர்ப் பக்கம் மிசிசிப்பியைப் பார்த்தால் அது ஆறு என்றே தோன்றாது. கரைக்குக் கரை பனிக்கட்டி மூடிக் கிடக்கும். ஆனால் ‘லாக் அண்ட் டேம் 14’ என்று அழைக்கப்படும் அணைக்குக் கீழே மட்டும் கொஞ்ச தூரத்துக்குத் தண்ணீர் கறுப்பாகச் சுழித்துக்கொண்டு ஓடும். அந்த இடத்தில் கரையோரக் காட்டன்வுட் மரங்களை நிமிர்ந்து பார்க்க வேண்டும். இலை ஒன்றுகூட இல்லாத கிளைகளில் வெண்தலைக் கழுகுகள் உட்கார்ந்திருக்கும். ஒரு மரத்தில் ஐந்து, அடுத்ததில் பத்து, பனிக்கட்டியின் விளிம்பில் இன்னும் சில. நல்ல குளிர் அடிக்கும் வாரங்களில் நூற்றுக்கு மேல்கூட எண்ணலாம்.

இதே ஆற்றில் கோடையில் இப்படிப் பார்க்க முடியாது. கூடு கட்டும் காலத்தில் ஒவ்வொரு ஜோடியும் ஆற்றின் ஒரு பகுதியைத் தன்னுடையதாக வைத்துக்கொண்டு, உள்ளே வரும் மற்றக் கழுகுகளை விரட்டிவிடும். குளிர் வந்ததும் அந்த எல்லைகள் எல்லாம் போய்விடுகின்றன. இது முதலில் மீன் தின்னும் கழுகு. மீனோ பனிக்கட்டிக்கு அடியில் இருக்கிறது. ஆகவே வட அமெரிக்காவில் குளிர்காலத்தில் கழுகு பார்க்கப் போகிறவர் முதலில் தேட வேண்டியது உறையாத நீரை.

இந்தக் கூட்டம் கண்ணுக்கு விருந்து என்பதோடு விஷயம் முடிவதில்லை. கண்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஓர் இனத்தைக் குளிர் சில இடங்களில் கொண்டுவந்து குவிக்கிறது. அதனால்தான் பார்ப்பது சுலபமாகிறது, எண்ணுவதும் சுலபமாகிறது. அவற்றுக்கு வரும் ஆபத்தும் அதே காரணத்தால் அதே காலத்தில் அதிகமாகிறது. இந்தப் பறவை அழிவின் விளிம்புக்குப் போய் மீண்ட கதையிலும், இன்று அதைக் கொல்கிற விஷயங்களிலும் குளிர்காலக் கூட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

முதலில், யார் வருகிறார்கள்? கனடாவின் ஏரிகள், மினசோட்டா, விஸ்கான்சின் ஆகிய இடங்களில் கூடு கட்டும் கழுகுகள் அங்கே நீர் உறைந்ததும் தெற்கே நகர்கின்றன. நம் ஊர் நீர்நிலைகளுக்கு வலசை வரும் வாத்துகளுக்கு இருப்பதுபோல் ‘இந்த ஏரி, இந்த மாதம்’ என்ற கண்டிப்பு இவற்றுக்கு இல்லை. எவ்வளவு தூரம் போனால் திறந்த நீர் கிடைக்குமோ அவ்வளவு தூரம்தான் போகும். கூட்டுக்குப் பக்கத்திலேயே மீன் கிடைத்தால் வயது வந்த ஜோடி நகரவே நகராது. அலாஸ்காவின் கடலோரத்திலும் ஃப்ளோரிடாவிலும் பல ஜோடிகள் ஆண்டு முழுக்க அங்கேயேதான் இருக்கின்றன. ஃப்ளோரிடாவில் குளிர்காலம்தான் கூடு கட்டும் பருவமே. எனவே ‘வெண்தலைக் கழுகின் வலசை’ என்று வரைபடத்தில் ஒரே அம்புக்குறி போட்டால் அது தவறாகத்தான் இருக்கும்.

மிசிசிப்பியில் அவை அணைகளுக்குக் கீழே கூடுவதற்கு மனிதன் செய்த ஒரு வேலை காரணம். 1930-இல் அமெரிக்கக் காங்கிரஸ், சரக்குப் படகுகள் போவதற்கு மேல் மிசிசிப்பியில் 9 அடி ஆழமுள்ள கால்வாய்த் தடம் வேண்டும் என்று முடிவெடுத்தது. அதற்காக அந்தப் பத்தாண்டில் வரிசையாக அணைகள் எழுந்தன. இன்று மினியாபொலிஸுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் இடையே 29 அணைகள் இருக்கின்றன. ராணுவப் பொறியாளர் படை அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்துகிறது. கீயோகக் நகரில் இருக்கும் 19-ஆம் எண் அணை இன்னும் பழையது. மின்சாரம் எடுக்க 1913-லேயே கட்டியது. இவற்றில் ஒன்றுகூடக் கழுகை நினைத்துக் கட்டப்படவில்லை.

ஆனால் மதகு வழியே விழும் தண்ணீர் அடங்குவதே இல்லை. இரவெல்லாம் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி போனாலும் அந்தக் கொந்தளிப்பில் பனிக்கட்டி பிடிக்க முடியாது. மேலே இருக்கும் தேக்கத்தில் இன்னொன்றும் நடக்கிறது. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிக அடர்த்தியோடு இருக்கும். எனவே மேற்பரப்பு உறைந்து கிடக்க, சற்று வெதுவெதுப்பான நீர் அடியில் தங்கும். அணை அதைக் கீழே விடும்போது ஆற்றின் அந்தப் பகுதி உறையாமல் தப்பிக்கிறது. அனல்மின் நிலையங்கள் விடும் சூடான நீரும் சில இடங்களில் இதே வேலையைச் செய்கிறது.

திறந்த நீர் மட்டும் இருந்தால் போதாது, மீனும் வேண்டும். இங்கேதான் கிஸர்ட் ஷேட் என்ற மீன் வருகிறது. மத்திக்கு உறவான, வெள்ளி நிறத் தட்டை மீன். இந்த ஆறுகளில் ஏராளமாக உண்டு. குளிரைத் தாங்கும் சக்தி இதற்குக் குறைவு. தண்ணீர் 4 டிகிரிக்குக் கீழே திடீரென்று இறங்கினால் தளர்ந்துபோய், சில சமயம் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதக்கும். அணை வழியாகவும் விசையாழி வழியாகவும் அடித்து வரப்பட்டவை மயங்கி மேலே வந்து பக்கவாட்டில் துடித்துக்கொண்டிருக்கும். கழுகு ஆழத்தில் மூழ்கி மீன் பிடிக்காது. மேற்பரப்பில் கால் நனையும் அளவுக்குத்தான் அதன் எல்லை. ஆக, மேலே வந்து மிதக்கும் தளர்ந்த மீன் அதற்குக் கிடைக்கும் மிகச் சுலபமான சாப்பாடு. மேரிலாந்தில் சஸ்குவஹானா ஆற்றின் கானோவிங்கோ அணையிலும் இதே மீன், இதே கதை. அங்கே நவம்பரில் உச்சம். விசையாழிகள் ஓடத் தொடங்கும்போது எச்சரிக்கைச் சங்கு ஊதும். புகைப்படக்காரர்கள் உடனே கேமராவை நிமிர்த்திவிடுவார்கள், நீர் திறந்தால் மீன் மேலே வரும் என்பதால்.

அணை இல்லாமல் இயற்கையே இதைச் செய்யும் இடம் ஒன்று உண்டு. அலாஸ்காவில் ஹெய்ன்ஸ் ஊருக்கு அருகே ஓடும் சில்கட் ஆறு. அங்கே பக்கவாட்டில் வந்து சேரும் சிர்கு ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய சரளையும் மணலும் விசிறி வடிவத்தில் பரந்து கிடக்கின்றன. கோடையில் பனியாறுகள் உருகி வரும் நீர் அந்தச் சரளைக்குள் இறங்கித் தேங்குகிறது. குளிர்காலத்தில் அது மெதுவாகக் கசிந்து ஆற்றுக்கு வருகிறது, ஆற்று நீரைவிடச் சில டிகிரி வெப்பமாக. அதனால் சில மைல் தூரத்துக்கு ஆறு உறைவதில்லை. அந்தப் பகுதிக்குத்தான் ‘சம்’ என்ற வகைச் சால்மன் மீன்களின் கடைசிக் கூட்டம் அக்டோபரிலிருந்து முட்டையிட ஏறி வருகிறது. முட்டையிட்டதும் அவை செத்துக் கரை ஒதுங்கும். சுற்றிலும் எல்லா நீரும் உறைந்த வேளையில் இங்கே மட்டும் விருந்து என்பதால், 3,000-க்கும் மேற்பட்ட கழுகுகள் கூடிய ஆண்டுகள் உண்டு. 1982-இல் 48,000 ஏக்கர் நிலம் கழுகுச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

அதே அலாஸ்காவில் 1917 முதல் 1953 வரை கழுகைக் கொன்று காட்டினால் அரசாங்கமே பணம் கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். சால்மனைத் தின்கிறது, நரிப் பண்ணைகளைக் கெடுக்கிறது என்று மீனவர்களும் பண்ணைக்காரர்களும் புகார் சொன்னார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான கழுகுகளுக்குப் பரிசுப் பணம் பட்டுவாடா ஆயிற்று. 1782-இலிருந்து நாட்டின் முத்திரையில் இருக்கும் பறவை அது. 1940-இல் மற்ற மாநிலங்களில் அதைக் கொல்லக்கூடாது என்று சட்டம் வந்தபோதும் அலாஸ்காவுக்கு விலக்கு அளித்தார்கள். செத்த சால்மனைத் தின்பதால் மீன்வளம் ஒன்றும் குறையாது என்பதைச் சில்கட் கரையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தாலே யாருக்கும் விளங்கியிருக்கும்.

வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்கேஜிட் ஆறும், கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்குவாமிஷ் ஆறும் இதே சால்மனை நம்பி இருப்பவை. ஸ்குவாமிஷில் பிராக்கன்டேல் என்ற சிறிய ஊரைச் சுற்றி 1994 ஜனவரியில் ஒரே நாள் கணக்கெடுப்பில் 3,769 கழுகுகள் பதிவாயின. அந்த எண்ணிக்கை அங்கே மறுபடி வரவில்லை. சால்மன் குறைவாக ஏறிய ஆண்டுகளில் கழுகும் குறைவுதான்.

சரி, வந்த கழுகு நாள் முழுக்க என்ன செய்கிறது? பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கிறது. முதல் தடவை பார்க்க வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். விடியும்போது பறந்து வந்து, முதல் இரண்டு மூன்று மணி நேரம் மும்முரமாக மீன் பிடிக்கும். வயிறு நிறைந்ததும் கிளையில் ஏறி அசையாமல் இருந்துவிடும். 4 முதல் 6 கிலோ எடையுள்ள உடம்பைச் சிறகடித்துத் தூக்குவது பெரிய செலவு. குளிரில் உடம்புச் சூட்டைக் காப்பதும் செலவு. வரவு நிச்சயமில்லாத காலத்தில் உட்கார்ந்திருப்பதுதான் சேமிப்பு. அதன் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையில் மீனை நிரப்பி வைத்துக்கொள்ளும். நன்றாகத் தின்ற கழுகின் மார்பு மேல்பக்கம் புடைத்திருப்பதைப் பைனாகுலரில் தெளிவாகப் பார்க்கலாம். அப்படிப்பட்ட பறவை ஒன்றிரண்டு நாள் பட்டினியைத் தாங்கிவிடும். பனிக்கட்டியில் நிற்கும் மஞ்சள் கால்களில் இறகே இல்லாவிட்டாலும் அவை விறைப்பதில்லை. உடம்பிலிருந்து இறங்கும் சூடான ரத்தமும் பாதத்திலிருந்து ஏறும் குளிர்ந்த ரத்தமும் பக்கத்துப் பக்கத்து நாளங்களில் ஓடுகின்றன. இறங்கும் ரத்தத்தின் சூடு ஏறும் ரத்தத்துக்கு மாறிவிடுவதால் அது வெளியே வீணாவதில்லை.

மீன் பிடிக்கும் அந்தக் காலை நேரத்தைத் தவறவிடக்கூடாது. கழுகு கிளையிலிருந்து இறங்கி, நீருக்கு ஒரு மீட்டர் உயரத்தில் நீளமாக மிதந்து வரும். கடைசி நொடியில் கால்களை முன்னால் நீட்டும். விரல்களின் அடியில் இருக்கும் சொரசொரப்பான முட்கள் வழுக்கும் மீனை விடாது. மீன் சிறியது என்றால் மரத்துக்குப் போகும்வரைகூடக் காத்திருக்காது. பறந்தபடியே காலை அலகுக்கு உயர்த்தி, குனிந்து, இரண்டு கடியில் முடித்துவிடும். பெரிய மீன் கிடைத்தால்தான் வம்பு. அதற்குள் இரண்டு மூன்று கழுகுகள் துரத்திக்கொண்டு வந்துவிடும். ஒன்று மேலேயிருந்து பாயும். மீனை வைத்திருப்பது காற்றில் மல்லாந்து நகத்தைக் காட்டும். மீன் கை மாறும், அல்லது யாருக்கும் இல்லாமல் ஆற்றில் விழும். இத்தனை கலவரத்திலும் அவை எழுப்பும் சத்தம் மெல்லிய கீச்சொலிதான். அமெரிக்கப் படங்களில் கழுகைக் காட்டும்போது கேட்கும் அந்த நீண்ட அலறல் பெரும்பாலும் செவ்வால் வல்லூறின் குரல்.

பார்க்க வருகிறவர்கள் வெள்ளைத் தலையைத் தேடுகிறார்கள். அது இயல்பு. ஆனால் கூட்டத்தில் இருக்கும் பழுப்பு நிறப் பறவைகளை ‘ஏதோ பருந்து’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அவையும் வெண்தலைக் கழுகுகளே. தலையும் வாலும் முழு வெள்ளையாக 4, 5 வருடம் ஆகும். முதல் வருடத்தில் உடம்பு முழுக்க அடர் பழுப்பு, அலகு கறுப்பு, கண்ணும் கருமை. இரண்டாம் மூன்றாம் வருடங்களில் வயிற்றிலும் சிறகின் அடியிலும் வெள்ளைத் திட்டுகள் ஒழுங்கில்லாமல் வரும். நான்காம் வருடத்தில் தலை வெளுத்திருக்கும், ஆனால் கண்ணை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை மிச்சமிருக்கும். அலகும் கண்ணும் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும். பறக்கும்போது சிறகைப் பலகை மாதிரி மட்டமாக விரித்திருப்பதை வைத்தே தூரத்திலிருந்து அடையாளம் காணலாம். வான்கோழிக் கழுகு என்றால் சிறகை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடிப் பறக்கும். பொன்னிறக் கழுகுக்குக் கால் விரல்வரை இறகு உண்டு, இதற்கு இல்லை.

இந்தப் பழுப்புப் பறவைகளை எண்ணுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பென்சில்வேனியாவில் ஹாக் மவுண்டன் என்ற மலைமுகட்டில் 1930களிலிருந்து, இலையுதிர் காலத்தில் தெற்கே போகும் வேட்டைப் பறவைகளை எண்ணி வருகிறார்கள். 1935க்கும் 1939க்கும் இடையில் அங்கே கடந்துபோன வெண்தலைக் கழுகுகளில் 40 சதவீதம் அந்த வருடத்து இளம் பறவைகள். 1955க்கும் 1959க்கும் இடையில் அது 20 சதவீதமாகிவிட்டது. 1957-இல் 32 முதிய கழுகுகளுக்கு ஓர் இளம் பறவைதான். ஃப்ளோரிடாவில் கூடுகளில் ஏறிக் குஞ்சுகளுக்குக் கால் வளையம் மாட்டி வந்த சார்ல்ஸ் ப்ரோலி என்ற ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியும், 1940களின் கடைசியிலிருந்து கூடுகள் வெறுமையாவதைக் கவனித்தார். முதிய கழுகுகள் வழக்கம்போல வானத்தில் தெரிந்ததால் பொதுமக்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. 20, 30 வருடம் வாழும் பறவை இது. குஞ்சே பொரிக்காவிட்டாலும் கூட்டம் மறைய வெகுநாள் ஆகும்.

காரணம் டி.டி.டி. பூச்சிக்கொல்லி. அது நீரில் கலந்து, புழுவுக்கும் மீனுக்கும் போய், மீனைத் தின்னும் கழுகின் கொழுப்பில் சேர்ந்தது. உடம்பில் அது சிதைந்து உண்டாகும் டி.டி.இ., முட்டை ஓட்டுக்குக் கால்சியம் சேர்வதைத் தடுத்தது. அடைகாக்க உட்கார்ந்ததும் ஓடு நொறுங்கியது. 1963-இல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலான 48 மாநிலங்களில் எஞ்சியிருந்தவை 417 ஜோடிகள். பூச்சிக்கொல்லிகளின் கேட்டைப் பற்றி 1962-இல் வெளிவந்த ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ நூல் பெரிய விவாதத்தைக் கிளப்பியது, 1972-இல் டி.டி.டி.க்குத் தடை வந்தது. அப்புறம் கூடுகளுக்குப் பாதுகாப்பு, அழிந்த மாநிலங்களில் வெளியிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்து விடும் திட்டங்கள் என்று பலரும் பல வருடம் பாடுபட்டார்கள். 1979-இல் தேசிய வனவிலங்குக் கூட்டமைப்பு ஜனவரிக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. பல மாநிலங்களில் அதே பாதைகளில் அதே வாரங்களில் தன்னார்வலர்கள் போய் எண்ணுவார்கள். முதியது எத்தனை, இளையது எத்தனை என்று பிரித்து எழுதுவார்கள். குளிர்காலத்தில் அவை குவிந்திருப்பதால்தான் இது சாத்தியமானது. 2007-இல் 9,789 ஜோடிகள் இருந்த நிலையில் அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து கழுகை நீக்கினார்கள். 2021-இல் மீன் மற்றும் வனவிலங்குத் துறை வெளியிட்ட அறிக்கையின்படி 48 மாநிலங்களில் கூடு கட்டும் ஜோடிகள் 71,467, மொத்தக் கழுகுகள் சுமார் 3,16,700.

இந்த எண்களைவிட எனக்குப் பிடித்தது டென்வர் நகரின் ஓரத்தில் நடந்த ஒன்று. ராக்கி மவுண்டன் ஆர்சனல் என்ற இடத்தில் 1942-இலிருந்து ராணுவம் ரசாயன ஆயுதங்கள் தயாரித்தது. பின்னால் அதே வளாகத்தில் தனியார் நிறுவனம் பூச்சிக்கொல்லிகள் தயாரித்தது. நாட்டிலேயே மிக மோசமாக மாசுபட்ட நிலங்களில் ஒன்று. ஆள் நடமாட்டத்துக்குத் தடை இருந்ததால் அங்கே பிரெய்ரி நாய் எனப்படும் கொறிவிலங்குகள் பெருகியிருந்தன; கழுகுக்கு அவையும் இரைதான். 1986 குளிர்காலத்தில் அந்த வளாகத்தின் மரங்களில் வெண்தலைக் கழுகுகள் இரவில் கூட்டமாக வந்து அடைவதைக் கண்டுபிடித்தார்கள். அப்போது அவை சட்டப்படி அழியும் இனம். எனவே வனவிலங்குத் துறை உள்ளே வந்தாக வேண்டியிருந்தது. 1992-இல் அந்த இடத்தை வனவிலங்குப் புகலிடமாக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. சுத்தம் செய்யும் வேலை பல வருடம் நடந்தது. இறந்த கழுகுகளையும் இறகுகளையும் சேகரித்து, சடங்குகளுக்காகப் பழங்குடி மக்களுக்கு அனுப்பும் தேசியக் கழுகுக் களஞ்சியமும் அங்கேதான் இருக்கிறது. மற்ற யாரும் கீழே கிடக்கும் ஓர் இறகைக்கூட எடுத்து வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பதில்லை. முதல் குற்றத்துக்கே 1 லட்சம் டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை.

இனி ஆபத்துப் பக்கம். குளிர்காலத்தில் மீன் போதாதபோது கழுகு செத்த பிராணிகளைத் தின்னும். அந்தச் சமயத்தில் மான் வேட்டைப் பருவமும் வந்துவிடுகிறது. வேட்டைக்காரர் மானை அந்த இடத்திலேயே வயிறு பிளந்து, குடலை விட்டுவிட்டு உடலைக் கொண்டுபோவார். ஈயக் குண்டு உடம்பில் பாயும்போது நூற்றுக்கணக்கான நுண்துகள்களாகச் சிதறும், குடல் கழிவிலும் அவை கிடக்கும். கழுகின் வயிற்று அமிலம் எலும்பையே கரைக்கக்கூடியது. ஈயத்தை எளிதாகக் கரைத்து ரத்தத்தில் விட்டுவிடும். ஓர் அரிசி அளவுத் துகள் ஒரு கழுகைக் கொல்லப் போதும். சிறகு தொங்கும், தலை நடுங்கும், பறக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிடும். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் வேட்டைப் பறவை மருத்துவ மையத்துக்கு இப்படிப்பட்ட கழுகுகள் வருவது வருடந்தோறும் நடப்பது. 2022-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு 38 மாநிலங்களில் 1,210 வெண்தலை, பொன்னிறக் கழுகுகளைச் சோதித்தது. கிட்டத்தட்டப் பாதிப் பறவைகளின் எலும்பில் நாள்பட்ட ஈய நச்சின் தடயம் இருந்தது. உடனடிப் பாதிப்பு குளிர்மாதங்களில் அதிகம். வாத்து வேட்டைக்கு ஈயக் குண்டு 1991-இலேயே நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டுவிட்டது. மான் வேட்டைக்கு இன்னும் பெரும்பாலான மாநிலங்களில் தடை இல்லை. செம்புக் குண்டு கடையில் கிடைக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. மாறத் தெரிந்த வேட்டைக்காரர்கள் மாறிவிட்டார்கள். மற்றவர்களும் மாற வேண்டும் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

இன்னொரு ஆபத்தின் வேர் நம் பக்கத்திலிருந்து போனது. 1994-95 குளிர்காலத்தில் ஆர்கன்சா மாநிலத்தின் டிகிரே ஏரியில் 29 வெண்தலைக் கழுகுகள் இறந்து கிடந்தன. சாகும் முன் சில பாறையில் மோதின, சில நிற்க முடியாமல் தள்ளாடின. மூளையைப் பிரித்துப் பார்த்தால் நரம்புகளைச் சுற்றிய உறையில் நுண்ணிய ஓட்டைகள். அதே ஏரியில் நாமக்கோழிகளும் வட்டமடித்து நீந்திச் செத்தன. அவற்றைத்தான் கழுகுகள் தின்றிருந்தன. விடை முழுமையாகத் தெரிய 2021 ஆகிவிட்டது. ஏரியில் வளரும் ஹைட்ரில்லாவின் இலைகளில் ஒட்டி வாழும் ஒரு சயனோபாக்டீரியா (நீலப்பச்சைப் பாசி எனப்படும் நுண்ணுயிர்), நீரில் புரோமைடு இருந்தால் நரம்பு நச்சு ஒன்றைச் சுரக்கிறது. இலையைத் தின்ற நாமக்கோழிக்கு அது போகிறது, தளர்ந்த நாமக்கோழியைப் பிடிக்கும் கழுகுக்கும் போகிறது. ஹைட்ரில்லாவை நமக்குத் தெரியும். பள்ளியில் கண்ணாடிப் புனலைக் கவிழ்த்து, சோதனைக் குழாயில் குமிழி எண்ணி ஒளிச்சேர்க்கை படித்த அதே செடி. 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டி அலங்காரத்துக்காக இலங்கையிலிருந்து ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து தப்பித் தெற்கு மாநில ஏரிகளை அடைத்துவிட்டது. குளிருக்குத் தப்பித் தெற்கே வரும் நாமக்கோழியும் கழுகும் அதே ஏரிகளில்தான் கூடுகின்றன.

பார்க்கப் போகிறவர்களும் ஓர் ஆபத்துதான், சின்னதாக இருந்தாலும். மேலே சொன்ன வரவு செலவுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஒருவர் படம் எடுக்க நெருங்குகிறார், கழுகு எழும்பி ஆற்றைக் கடக்கிறது. அரை மணி கழித்து இன்னொருவர். அது சேமித்த சூடெல்லாம் போய்விடும். காரை விட்டு இறங்காமலிருப்பது நல்ல வழி. நின்றுகொண்டிருக்கும் காரைக் கழுகுகள் பொருட்படுத்துவதில்லை, அதே காரிலிருந்து ஒரு கால் வெளியே வந்தால் உடனே தலையைத் திருப்பும். இறங்கியே ஆக வேண்டும் என்றால் 100 மீட்டருக்கு மேல் இடைவெளி விடுங்கள். கழுகு கழுத்தை நீட்டி உங்களையே பார்க்கத் தொடங்கினாலோ, குனிந்து எச்சமிட்டாலோ அது கிளம்பப் போகிறது, நீங்கள் பின்வாங்குங்கள். மாலையில் கூட்டமாக அடையும் மரங்களின் பக்கம் போகவே வேண்டாம். மீன் தூக்கிப்போட்டு இறங்க வைக்கும் புகைப்படக்காரர்கள் சிலர் உண்டு; அந்தப் படம் எவ்வளவு நன்றாக வந்தாலும் எனக்கு அதில் மதிப்பில்லை.

சிகாகோ பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இல்லினாய் ஆற்றின் ஸ்டார்வ்ட் ராக் பூங்கா ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணம். அங்கே அணைக்குப் பக்கத்தில் இருக்கும் பிளம் தீவை, கழுகுகளுக்காகவே இல்லினாய் ஆடுபன் சங்கம் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வாங்கி வைத்திருக்கிறது. அக்கரைப் பார்வையாளர் மையத்திலிருந்து தீவின் மரங்கள் நேரே தெரியும். மினியாபொலிஸ்காரர்களுக்கு மிசிசிப்பிக் கரையில் இருக்கும் வபாஷா ஊர். பெப்பின் ஏரி உறைந்து கிடந்தாலும் அதற்குக் கீழே சிப்பவா ஆறு வந்து சேருமிடத்தில் நீரோட்டம் வேகமாக இருப்பதால் அங்கே ஆறு திறந்திருக்கும். தேசியக் கழுகு மையம் அந்த ஊரில்தான், ஆற்றைப் பார்த்தபடி. காயம்பட்டுத் திரும்பப் பறக்க முடியாத கழுகுகளைக் கைக்கெட்டும் தூரத்தில் அங்கே பார்க்கலாம், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நல்லது. 8க்கு 42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை உள்ளது) ஒன்று இருந்தால் போதும். முக்காலியில் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தொலைநோக்கியை வைத்துக்கொண்டு நிற்கும் தன்னார்வலர்கள் வார இறுதிகளில் இருப்பார்கள், கேட்டால் சந்தோஷமாகக் காட்டுவார்கள். காலை 10 மணிக்குள் போய்விட வேண்டும். கால் விரலுக்கும் கை விரலுக்கும் நல்ல உறை முக்கியம், குளிர் முதலில் அங்கேதான் பிடிக்கும்.

எந்த வாரம் போவது என்பதற்குக் காலண்டரைவிட வெப்பமானியைத்தான் நம்ப வேண்டும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரை பொதுவாக நல்ல காலம். ஆனால் குளிர் மந்தமாக இருக்கும் வருடத்தில் ஆறு உறைவதே இல்லை. எங்கும் திறந்த நீர் இருந்தால் அணைக்கு வர வேண்டிய அவசியம் கழுகுக்கு இல்லை, சிற்றாறுகளிலும் ஏரிகளிலும் பரவிவிடும். அப்படிப்பட்ட ஜனவரிகளில் 14-ஆம் எண் அணையில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும்; பக்கத்து மாநிலத்தில் ஆளில்லாத ஒரு குட்டையின் ஓரத்தில் மீதி இருக்கும். கழுகு குறைந்துவிட்டதாக அதற்கு அர்த்தமில்லை. கணக்கெடுப்பவர்களுக்குத்தான் அது பெரிய தலைவலி. பாதை அதே, நாள் அதே, எண்ணுகிறவரும் அதே. ஆனால் குவியாத பறவையை எண்ண முடியாது. மிதமான குளிர்காலங்கள் அதிகமாக அதிகமாக, பல வருட எண்களை ஒப்பிடும்போது பனிக்கட்டி எவ்வளவு இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டியிருக்கிறது. போகிறவர்களும் அதையே செய்யலாம். தொடர்ந்து ஒரு வாரமாவது பூஜ்யத்துக்குக் கீழே குளிர் நீடித்த பிறகு, அணைக்கு மேலே ஆறு மூடிவிட்டதா என்று அந்த ஊர்ப் பூங்கா அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.